புல்தைலம் ஊற்றினால் வேர்முடிச்சு நூற்புழு போகுமா? (தக்காளி, மிளகு, ஏல நாற்று)

கூடலூர்_தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நமக்குக் கீழே தேனி மாவட்டக் கூடலூரில் கொஞ்சம் தக்காளி, மேலே மலையில் கேரளத்துச் சக்குபள்ளத்தில் மிளகும் ஏலமும். தக்காளி இந்தத் தடவை பாத்தி பாத்தியாகக் குட்டையாக நிற்கிறது, மத்தியானம் வாடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது, உரம் வைத்தும் பிரயோஜனம் இல்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முண்டு முண்டாக இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டதற்கு ஒரு கேனைக் காட்டி, "இது முழுக்க முழுக்க செடி எண்ணெய், புல்தைலம் கலந்தது, ஏக்கருக்கு ஒரு லிட்டர் டிரிப்பில் விடுங்க, நூற்புழு மொத்தமும் காலி" என்கிறார். விலையைக் கேட்டால் எனக்குத்தான் தலை சுற்றுகிறது. மறையூரில் சொந்தக்காரர் ஒருவர் இந்தப் புல்தைலம், அதாவது எலுமிச்சைப் புல் எண்ணெய், காய்ச்சுகிறார், சுத்தமான சரக்கு அவரிடமே வாங்கிவிடலாம். கேள்வி என்னவென்றால், இது வேலை செய்யுமா செய்யாதா? மேலே மிளகுக் கொடியும் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, அதற்கும் ஊற்றலாமா? குருணை மருந்து போட வீட்டில் யாருக்கும் இஷ்டம் இல்லை, அதனால் அதைத் தவிர வேறு சொல்லுங்கள்.

சந்தேகராமன்_போடி எழுதியது:

முதலில் அது நூற்புழுதானா என்று பாருங்கள் அண்ணே. தட்டாம்பயறு, அவரை வேரில் வரும் முண்டும் இதுவும் வேறு. பயறு வேரில் இருக்கிற முண்டு நகத்தால் தள்ளினால் தனியாக உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும், பிய்த்தால் வேரும் சேர்ந்து பிய்யும்.

கூடலூர்_தோட்டம் எழுதியது:

தக்காளியில் என்ன பயறு முண்டு வரப்போகிறது ராமன். ஆனாலும் நீங்கள் சொன்னதற்காக இன்னொரு செடியைத் தோண்டி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். பெரிய முடிச்சு ஒன்றை பிளேடால் மெல்லக் கீறினேன், பையனுடைய லென்ஸை வைத்துப் பார்த்தால் உள்ளே குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வெள்ளையாக, பளபளவென்று ஒன்றிரண்டு உருண்டை. முடிச்சின் வெளிப்பக்கம் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதானா?

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

அதுதான். வெள்ளை உருண்டை பெண் புழு. வெளியே பழுப்புப் பிசின் மாதிரி இருப்பது முட்டைப் பை, ஒரு பையில் சாதாரணமாக 300 முதல் 500 முட்டை இருக்கும். மெலாய்டோகைன் என்ற பேரினம், உங்கள் பக்கம் பெரும்பாலும் அதில் இன்காக்னிட்டா என்ற இனம். இந்தச் சூட்டில் முட்டையிலிருந்து மறுபடி முட்டை வர ஒரு மாதம்கூட ஆகாது. தக்காளி நட்டு எடுப்பதற்குள் மூன்று நான்கு தலைமுறை ஓடிவிடும்.

அந்தப் பிசினை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கதை முழுக்க அங்கேதான் மாட்டும். ஆய்வகத்தில் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து, முட்டையிலிருந்து வெளியே வந்து நீந்துகிற குட்டிப் புழுவின் மேல்தான் பெரும்பாலும் ஊற்றிப் பார்க்கிறார்கள். அது அரை மில்லிமீட்டர்கூட நீளம் இல்லாத ஜந்து, தோலும் மெல்லியது, சட்டென்று அடங்கிவிடும். பிசினுக்குள் இருக்கிற முட்டை அப்படி இல்லை. வேருக்குள்ளே உட்கார்ந்துவிட்ட பெண் புழுவோ கேட்கவே வேண்டாம்.

மறையூர்_தைலம் எழுதியது:

சும்மா ஆய்வகம் ஆய்வகம் என்று சொல்லாதீர்கள் சார். நாங்கள் தலைமுறையாகப் புல் அறுத்துக் காய்ச்சுகிறோம். அண்டா அடியில் அடுப்பு, ஆவி போய்க் குளிர்ந்து இறங்கினால் தண்ணீர் மேலே மஞ்சளாகத் தைலம் மிதக்கும், அதை வடித்து எடுக்கிறோம். காய்ச்சின புல்லைக் கொட்டுகிற இடத்தில் கரையான்கூட அண்டாது. பக்கத்துத் தோட்டத்து மிளகுக் கொடி போன வருஷம் மஞ்சளாகி இலை கொட்டிக்கொண்டிருந்தது, சித்திரை கடைசியில் தைலத்தை சோப்புத் தண்ணீரில் அடித்து ஒவ்வொரு தூருக்கும் ஊற்றினோம். ஆடியில் போய்ப் பார்த்தால் பச்சைப் பசேல் என்று தளிர் விட்டிருக்கிறது. கண்ணால் பார்த்ததை இல்லை என்பீர்களா?

சந்தேகராமன்_போடி எழுதியது:

சித்திரை கடைசியில் ஊற்றினீர்கள், ஆடியில் பச்சை. நடுவில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பெய்ததா இல்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. எனக்கும் பூப்பாறைப் பக்கம் மிளகு இருக்கிறது, அதனால் சொல்கிறேன். இந்த மெல்ல வாடுகிற நோய் ஐப்பசி வாக்கில் மண் ஈரம் குறையும்போது மஞ்சளாக ஆரம்பிக்கும், தை மாசியில் இலை கொட்டும், வைகாசி ஆனியில் மழை பிடித்ததும் கொடியில் பாதி தானாகவே தளிர்க்கும். மறுபடி அடுத்த ஐப்பசியில் இன்னும் கொஞ்சம் மோசமாக மஞ்சளாகும். இப்படியே இரண்டு மூன்று வருஷம் இழுத்துத்தான் கொடி சாகும். நீங்கள் ஊற்றாமல் விட்ட கொடிகளும் அதே ஆடியில் பச்சையாகத்தானே இருந்தன? பத்துத் தூருக்கு ஊற்றி, பத்துத் தூரை வெறுமனே விட்டு, ஐப்பசி கார்த்திகையில் போய்ப் பார்த்தால்தான் இது தைலத்தின் வேலையா மழையின் வேலையா என்று தெரியும். சித்திரையில் எதை ஊற்றினாலும், வெறும் தண்ணீரை ஊற்றினால்கூட, ஆடியில் நல்ல பெயர்தான்.

மறையூர்_தைலம் எழுதியது:

ஊற்றாத கொடியும் தளிர்த்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு அடர்த்தியாக இல்லை.

குமுளி_ஜீப் எழுதியது:

ராமனிடம் சாமி வந்து நின்றாலும் ஆதார் கேட்பார் 😀

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

மறையூர்க்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். செடி எண்ணெய்க்கு நூற்புழுவை அடக்கும் சக்தி உண்டு, அதில் இரண்டு கருத்து இல்லை. 2000-இல் இஸ்ரேலில் யூஜி ஓக்கா குழுவினர் 27 மசாலா, வாசனைச் செடிகளின் எண்ணெயை வேர்முடிச்சு நூற்புழு மேல் சோதித்தார்கள். லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி என்ற அளவில் அதில் 12 எண்ணெய், குட்டிப் புழுக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் அசையாமல் நிறுத்தின. சோம்பு எண்ணெயும் சில புதினா வகை எண்ணெயும் முன்னணியில் இருந்தன. உள்ளே இருக்கிற சரக்கைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கார்வக்ரால், தைமால், அனெத்தோல், கார்வோன் ஆகியவை இன்னும் குறைந்த அளவிலேயே வேலை செய்தன. தைமால் என்றால் வேறொன்றும் இல்லை, நம் ஓமத்தின் வாசனை. கிராம்பில் யூஜினால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு, புல்தைலத்தில் சிட்ரால், இவற்றுக்கெல்லாம் இதே மாதிரி முடிவுகள் வந்திருக்கின்றன.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "அசையாமல் நின்றது" வேறு, "செத்தது" வேறு. சில எண்ணெயில் மயங்கிய புழுவை நல்ல தண்ணீருக்கு மாற்றினால் மறுநாள் எழுந்து ஓடும். விளம்பரத்தில் வருகிற 90 சதவீதம், 95 சதவீதம் எல்லாம் இதைப் பார்த்துச் சொன்னதா என்று கேளுங்கள்.

அதே ஆய்வில் தொட்டிச் சோதனையும் இருக்கிறது. மணற்பாங்கான மண்ணில், கிலோ மண்ணுக்கு 100, 200 மில்லிகிராம் எண்ணெய் கலந்தபோது வெள்ளரி நாற்றில் முடிச்சு குறைந்தது. இப்போது கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 600 கன மீட்டர், எடை சுமார் 800 டன், அதாவது எட்டு லட்சம் கிலோ. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் 80 கிலோ எண்ணெய். கடைக்காரர் சொல்வது ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரும் முழுக்க எண்ணெயா, பத்தில் ஒரு பங்குதான் எண்ணெயா என்பது கேனில் சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

மறையூர்_தைலம் எழுதியது:

80 கிலோவா! நூறு கிலோ பச்சைப் புல்லில் அரைக் கிலோ தைலம் கிடைத்தாலே நல்ல மகசூல் என்போம். அப்படியென்றால் ஒரு ஏக்கருக்கு 16 டன் புல்லைக் காய்ச்ச வேண்டும். விறகுக்கு எங்கே போவது.

கூடலூர்_தோட்டம் எழுதியது:

கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் எண்பதாயிரம். அதற்குத் தக்காளியைச் சந்தையில் வாங்கி மறுபடி சந்தையிலேயே விற்றுவிடலாம்.

சின்னமனூர்_வாழை எழுதியது:

சார் கணக்கில் ஒரு இடிக்கிற இடம் இருக்கிறது. நிலம் முழுக்க எதற்கு? டிரிப் வைத்தால் நனைகிற வரிசைக்குத்தானே போகிறது, மூன்றில் ஒரு பங்கு மண்தான் நனையும். செடிக்கு வேரும் அங்கேதான்.

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

சரியான கேள்வி. மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 26, 27 கிலோ வேண்டும், ஒரு லிட்டருக்கு அது இன்னும் எட்டாத தூரம். தண்ணீர்க் கணக்கில் பார்த்தாலும் அப்படித்தான். ஒரு லிட்டரைப் பத்தாயிரம் லிட்டர் பாசனத் தண்ணீரில் விட்டால் லிட்டருக்கு 0.1 மில்லி. ஓக்கா ஆய்வில் சுத்தமான தைமாலும் கார்வக்ராலுமே வேலை செய்ய இதைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது, அதுவும் கண்ணாடித் தட்டில், மண்ணே இல்லாமல். மண்ணில் இறங்கியதும் பாதி எண்ணெய் மக்கில் ஒட்டிக்கொள்ளும், மீதி ஆவியாகும், அதற்கு மேல் இருப்பதை நுண்ணுயிர் தின்றுவிடும். செம்மண்ணில் ஓரளவு பரவாயில்லை. ஏலக்காட்டு மண்ணில், இலை மக்கிக் கறுப்பாக இருக்கிற மண்ணில், இன்னும் மோசம்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் இதைத் தெரிந்துதான் எண்ணெயை அப்படியே விற்பதில்லை. ஜெரானியாலும் தைமாலும் சேர்த்து, ஈஸ்ட் செல்லின் கூட்டுக்குள் அடைத்து, மண் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிற மாதிரி செட்ரோஸ் என்று ஒரு தயாரிப்பு வந்திருக்கிறது. பிரிட்டனில் பூண்டுச் சாற்றைக் குருணையாக்கி நெம்கார்ட் என்று கேரட்டுக்கு விதைக்கும்போதே போடுகிறார்கள். அமெரிக்காவில் கடுகின் காரத்துக்குக் காரணமான ஐசோதயோசயனேட்டை 2013-இலேயே மண் புகைமருந்தாகப் பதிவு செய்துவிட்டார்கள். ஆக, யோசனை பொய்யில்லை. ஆவியாகிற பொருளை மண்ணுக்குள் நாலு நாள் நிறுத்தி வைப்பதுதான் பாடு, அந்த வித்தை சோப்புத் தண்ணீரில் அடித்த தைலத்தில் இல்லை.

அணக்கரை_நாற்று எழுதியது:

பெரியவர்கள் பேசி முடித்தால் நானும் சொல்லலாமா? நான் மிளகு, ஏலம், கொஞ்சம் காய்கறி நாற்று போடுகிறேன். நிலத்துக்கு எண்ணெய் கட்டாது என்பது சரி. ஆனால் யாரும் நாற்றுப் பையைப் பற்றிப் பேசவில்லையே? ஒரு கிலோ மண் பிடிக்கிற பைக்கு அதே கணக்கில் 100 மில்லிகிராம். ஆயிரம் பைக்கு 100 கிராம் தைலம். 80 கிலோ எங்கே, நூறு கிராம் எங்கே! நூற்புழு தோட்டத்துக்கு நடந்து போவதில்லை, நாம்தான் நாற்றோடு தூக்கிக்கொண்டு போய் நடுகிறோம். மிளகு வேர்விட்ட தண்டும் ஏல நாற்றும் புழுவோடு மலையேறி வந்தால் அப்புறம் அந்த இடத்தில் ஆயுசுக்கும் புழுதான்.

நான் செய்வது இது. பை மண், மணல், தொழுவுரம் கலந்து குவித்து வைத்ததும் தைலத்தை முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் நன்றாக அடித்து, பால் மாதிரி ஆனதும் தண்ணீரில் கலந்து, பூவாளியால் ஊற்றிப் புரட்டி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவிடுவேன். ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் திறந்து, புரட்டிக் காற்றாட விட்டு, கையில் எடுத்தால் வாசனை அடிக்கவில்லை என்றால்தான் பைக்குப் போகும். அதற்கு முன்னால் ஒரு தட்டில் அந்த மண்ணைப் போட்டுக் கேழ்வரகு தூவிப் பார்ப்பேன், ஒழுங்காக முளைத்தால் நாற்றும் பிழைக்கும்.

சந்தேகராமன்_போடி எழுதியது:

அக்கா, தாளைப் போட்டு மூடியே வைக்கிறீர்கள் என்றால் வெயிலில் மூடினாலே புழு செத்துவிடுமே. வேலை செய்தது வெயிலா தைலமா?

அணக்கரை_நாற்று எழுதியது:

வெயில் எங்கே தம்பி இருக்கிறது? அணக்கரையில் ஆடி மாசம் வந்து பார், துணியே காயாது. நான் மூடுவது வாசனை ஓடிப் போகாமல் இருக்க, கொட்டகைக்குள்ளே.

வெயில் கிடைக்கிற இடத்தில் வெயில்தான் முதல் மருந்து, அதில் எனக்கு வழக்கே இல்லை. பங்குனி சித்திரையில் கம்பத்தில் அண்ணன் வீட்டுக் களத்தில் மண் கலவையை அரை அடி உயரத்துக்குப் பரப்பி, ஈரமாக்கி, கண்ணாடி மாதிரி தெரிகிற வெள்ளைத் தாளால் ஓரம் எல்லாம் மண் போட்டு அடைத்து, ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே விடுவோம். கறுப்புத் தாள் போடக் கூடாது, சூடு கீழே இறங்காது. பிறகு அந்த மண்ணை மூட்டை கட்டி கம்பம்மெட்டு வழியாக மேலே ஏற்றிவிடுவோம். அது தீர்ந்துபோய் மழைக்காலத்தில் அவசரத்துக்குக் கலக்கிற மண்ணுக்குத்தான் தைலம்.

குமுளி_ஜீப் எழுதியது:

மண்ணை மலைக்கு ஏற்றுவதற்கு வாடகை நான் வாங்குகிறேன், யாரும் தடுக்க வேண்டாம்.

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

அம்மா சொல்வதுதான் இதற்கான சரியான இடம். மிளகு நாற்றுக்கு வெயிலில் மூடிய மண் கலவையைக் கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையமே பரிந்துரைக்கிறது. தைலத்தை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். ஒன்று, அளவு கூடினால் நாற்றே கருகும். கிராம்பு எண்ணெயை வெளிநாட்டில் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள், அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அளந்து ஊற்றுங்கள். பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய் எதையும் நீர்க்காமல் வெறுங்கையால் தொடவும் கூடாது, கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். இரண்டாவது, தைமாலும் சின்னமால்டிஹைடும் பூஞ்சையையும் கொல்லும். நோயை அடக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவையும் தைலத்தையும் ஒரே நாளில் ஒரே மண்ணில் போட்டால் காசு கொடுத்து வாங்கிய பூஞ்சையை நாமே சாகடிப்போம். வாசனை முழுக்கப் போன பிறகு டிரைக்கோடெர்மாவும், முட்டையைத் தின்கிற போக்கோனியாவோ பேசிலோமைசிஸோ எது கிடைக்கிறதோ அதுவும் கலக்கலாம். பிசினுக்குள் இருக்கிற முட்டையைத் தேடிப் போய்த் தின்பது இந்தப் பூஞ்சைகள்தான், எண்ணெயால் முடியாத வேலை அது.

கூடலூர்_தோட்டம் எழுதியது:

அப்படியென்றால் நிற்கிற மிளகுக் கொடிக்கு? தூருக்குத் தூர் தனித்தனியாக ஊற்றுவதற்கு இந்த 80 கிலோ கணக்கு வராதே?

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

வராது. தூரைச் சுற்றி அரை மீட்டர் ஆரத்துக்கு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் மண் 160 கிலோ சுமார், தைலம் 16 கிராம். பணக் கணக்கில் கட்டுப்படி ஆகும். ஆனால் மிளகில் வேர்முடிச்சுப் புழு மட்டும் இல்லை, ரடோஃபோலஸ் சிமிலிஸ் என்ற துளைக்கும் நூற்புழுவும் சேர்ந்து இருக்கும். அது வேருக்குள்ளேயே குடியிருந்து, உள்ளேயே முட்டையிட்டு, உள்ளேயே பெருகுகிற ஜாதி. மண்ணில் ஊற்றும் எண்ணெய் வேருக்குள் போகாது. போகிற அளவுக்கு ஊற்றினால் முதலில் சாவது புழு இல்லை, கொடியின் மெல்லிய வேர். அப்புறம் வேரை அழுகவைக்கிற பைட்டோப்தோரா கிருமி வேறு கூடவே இருக்கும். நிற்கிற கொடிக்குத் தைலம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வேப்பம் பிண்ணாக்கு, நல்ல மக்கு, பருவமழை ஆரம்பத்தில் டிரைக்கோடெர்மா போக்கோனியா, தண்ணீர் தேங்காமல் வடிகால், ரொம்பப் போய்விட்ட கொடியை வேரோடு தோண்டி எரிப்பது, இதுதான் வழி. செத்த கொடி இருந்த குழியிலேயே உடனே புதுக் கொடி நடாதீர்கள்.

சின்னமனூர்_வாழை எழுதியது:

இந்த ரடோஃபோலஸ்தான் வாழைக்கும் எமன். 1966-இல் இந்தியாவிலேயே முதலில் கேரளத்து வாழையில்தான் கண்டுபிடித்தார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். தார் போட்ட மரம் காற்றே இல்லாமல் வேரோடு சாயும், தோண்டினால் வேரைப் பிளந்து பார்த்தால் சிவப்பும் கறுப்புமாகக் கோடு கோடாக அழுகியிருக்கும். நாங்கள் கன்றுக் கிழங்கின் வேரையும் கறுத்த இடத்தையும் வெள்ளை தெரிகிற வரை சீவிவிட்டு, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிஷம் போட்டு எடுத்து நடுகிறோம். வாழையோடு சணப்பு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுகிறோம். திசு வளர்ப்பு நாற்று வாங்குகிறவர்கள் ஏமாறாதீர்கள், நாற்று குப்பியில் சுத்தமாக இருந்தாலும் அதை வளர்க்கிற பை மண்ணில் புழு இருந்தால் முடிந்தது கதை. ஒரு நாற்றைத் தட்டி வேரைப் பார்த்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.

காட்டுராஜா_88 எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்றி வளைத்து? கார்போஃபியூரான் குருணை மூணு கிலோ வாங்கித் தூவினால் ஒரே வாரத்தில் முடிகிற வேலை. கீழே கடையில் கிடைக்கிறது, மூட்டைக்குள் வைத்து மேலே கொண்டுபோய்விடலாம்.

அணக்கரை_நாற்று எழுதியது:

கேட்டவரே குருணை வேண்டாம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். கேரளத்தில் 2011-இலேயே கார்போஃபியூரானும் ஃபோரேட்டும் தடை. மத்திய அரசும் ஃபோரேட்டை 2020 கடைசியோடு நிறுத்திவிட்டது, கார்போஃபியூரானில் 3 சதவீதக் குருணை தவிர மற்றதை 2023-இல் நிறுத்தியது. ஏலக்காயில் எச்சம் இருந்தால் ஏற்றுமதிக்காரர் திருப்பி அனுப்புவார், அதற்கு அப்புறம் புத்தடியிலும் போடியிலும் ஏலம் விடும் இடத்தில் ஏலக்காய் விலை இறங்கினால் அழப்போவது எல்லோரும்தான். எங்கள் தோட்டத்து ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

தடை செய்த மருந்தை எல்லை தாண்டிக் கொண்டுபோகிற யோசனைகளை இங்கே எழுத வேண்டாம். அடுத்த முறை பதிவு நீக்கப்படும். தைலத்துக்குத் திரும்புங்கள்.

மறையூர்_தைலம் எழுதியது:

எனக்கு ஒரு யோசனை. காய்ச்சின கழிவுப் புல் எங்களிடம் மலை மாதிரி கிடக்கிறது. அதைத் தக்காளிக்கு மூடாக்காகப் போடலாமே? தைலம் விலைக்கு வேண்டும், புல் இலவசம்.

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

தாராளமாகப் போடுங்கள், மண்ணுக்கு நல்லது, ஈரம் நிற்கும், புழுவைத் தின்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். ஆனால் புழுவைக் கொல்லும் சரக்கு காய்ச்சும்போதே உங்கள் டின்னுக்குப் போய்விட்டது. அதை மருந்து என்று சொல்லி விற்காதீர்கள்.

கூடலூர்_தோட்டம் எழுதியது:

செண்டுமல்லி போட்டால் நூற்புழு வராது என்கிறார்களே, அதன் எண்ணெயையே வாங்கி ஊற்றினால்?

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

செண்டுமல்லியில் வேலை செய்வது பூ எண்ணெய் இல்லை, வேர். ஆல்ஃபா டெர்தயனைல் என்ற பொருளை 1958-இல் நெதர்லாந்துக்காரர்கள் அதன் வேரிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். புழு உயிருள்ள வேருக்குள் நுழையும்போதுதான் மாட்டுகிறது. அதனால் வரப்பில் நாலு செடி வைப்பதால் பெரிய பலன் கிடைக்காது. தக்காளி எடுத்த பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியே நிற்க வேண்டும், நடுவில் களையும் இருக்கக் கூடாது, ஏனென்றால் புழு களையில் பிழைத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் பூவுக்கும் சந்தை இருக்கிறது, அந்த வகையில் லாபம்தான்.

சந்தேகராமன்_போடி எழுதியது:

கூடலூர் அண்ணே, இப்போது உங்கள் தக்காளிக்கு வருவோம். நிற்கிற செடியை எதுவும் காப்பாற்றாது, எடுக்கிற வரை எடுங்கள். முடிந்ததும் வேரை நிலத்திலேயே உழுது விடாதீர்கள், பிடுங்கிக் காயவைத்துக் கொளுத்துங்கள். கோடை உழவு இரண்டு முறை, அப்புறம் செண்டுமல்லி, அப்புறம் அக்காவிடம் நல்ல நாற்று.

கடைக்காரரின் கேனைச் சோதிக்க ஆசையாக இருந்தால் நிலத்தில் வேண்டாம், பையில் செய்யுங்கள். அந்தப் புழு மண்ணையே எடுத்து மூன்று வரிசைப் பை நிரப்புங்கள். ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு அதே அளவு சோப்புத் தண்ணீர் மட்டும். சோப்பு வரிசை ரொம்ப முக்கியம், ஏனென்றால் சோப்பே புழுவைக் கொஞ்சம் பாதிக்கும், அந்தப் பெருமை தைலத்துக்குப் போய்விடக் கூடாது. எல்லாவற்றிலும் தக்காளி நட்டு, ஒரு மாதம் தாண்டியதும் மெதுவாக அலசி, முடிச்சை எண்ணுங்கள். எந்தப் பை எது என்று தெரியாதவர் எண்ணினால் இன்னும் நல்லது, பையனை எண்ணச் சொல்லுங்கள்.

கூடலூர்_தோட்டம் எழுதியது:

பையன் எண்ணுவான், செல்போன் தருவதாகச் சொன்னால் மலையையே எண்ணுவான். கேனைத் திருப்பிப் படித்தேன். "தாவரச் சாறுகள்" என்று மட்டும்தான் இருக்கிறது, எத்தனை சதவீதம், என்ன எண்ணெய், ஒன்றும் இல்லை. பூச்சிமருந்துப் பதிவு எண் எங்கே என்று கேட்டதற்கு இது ஆர்கானிக், எண் தேவையில்லை என்கிறார்.

பெரியகுளம்_ஓய்வு எழுதியது:

புழுவைக் கொல்லும் என்று சொல்லி விற்றால் ஆர்கானிக்கோ இல்லையோ பதிவு எண் வேண்டும். வேம்பு மருந்துக்கே அசாடிராக்டின் எத்தனை சதவீதம் என்று போட்டு, எண் போட்டுத்தான் விற்கிறார்கள். எண் இல்லாததை வாங்காதீர்கள். மண்ணையும் வேரையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்: நாலைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்தில், வேரோடு சேர்த்து, கால் கிலோ அளவு, பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், காயவிடாமல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுங்கள். மேலே இருக்கிற மிளகு, ஏலத்துக்கு இடுக்கி மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் பக்கம்.

கூடலூர்_தோட்டம் எழுதியது:

சரி சார், இந்த வாரமே கொண்டுபோகிறேன். கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா, ஆவணி நடவுக்கு மிளகுப் பை எத்தனை தர முடியும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். மறையூர் அண்ணே, அக்காவுக்குத் தைலம் நீங்களே கொடுங்கள், கலப்படம் இல்லாமல்.

மறையூர்_தைலம் எழுதியது:

கலப்படம் பார்க்கத் தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தால் போதும் தம்பி, சுத்தமான தைலம் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ராமனுக்காக இந்தத் தடவை பத்துக் கொடியை ஊற்றாமல் விடுகிறேன், கார்த்திகையில் வந்து பார்க்கட்டும்.

சந்தேகராமன்_போடி எழுதியது:

வருகிறேன். சாப்பாடு போட வேண்டும்.

சின்னமனூர்_வாழை எழுதியது:

கடைசியாக ஒரு சின்ன சந்தேகம் அக்கா. தைலத்தை ஊற்றி வைக்க எந்தப் பாத்திரம்? போன தடவை யாரோ மெல்லிய பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி வைத்து அது இளகிப் போய்விட்டது.

அணக்கரை_நாற்று எழுதியது:

கண்ணாடி பாட்டில், இல்லையென்றால் அலுமினிய கேன், மூடியின் உள்ளே ரப்பர் வாஷர் இருந்தால் எடுத்துவிடு, ஊறி உப்பிவிடும். தெளிப்பானில் ஊற்றினால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவிவிடு, இல்லையென்றால் அதன் வாஷரும் போகும். வெயில் படாத அலமாரியில், குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் வை.